வரியிலை ஹோலி: இங்கிலாந்துத் தோட்டம் ஒன்றின் வரலாறு

கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டையில் ஓரமெல்லாம் முள்ளாக, சிவப்புக் காய்களோடு ஓர் இலை இருக்குமே, பார்த்திருப்பீங்க. அதுதான் ஹோலி. வண்ணப்பொடி தூவும் பண்டிகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

காட்டு ஹோலியின் இலை கரும்பச்சை. எப்போதாவது ஒரு கிளையில் மட்டும் இலையோரம் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மாறிவிடும். அதன் விதையைப் போட்டால் அந்த நிறம் வராது. கிளையை வெட்டி ஒட்டுக்கட்ட வேண்டும், இல்லையென்றால் பதியன் போட வேண்டும். ஆகவே ஒரே பெயரில் விற்கும் செடிகள் எல்லாமே, யாரோ ஒரு தோட்டக்காரர் கண்ணில் பட்ட ஒரு கிளையின் வாரிசுகள்தான்.

இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே ஹோலி மோகம் தொடங்கிவிட்டது. மரங்களைப் பற்றி 1664இல் நூல் வெளியிட்ட ஜான் ஈவ்லின், லண்டனுக்கு அருகே டெட்ஃபோர்டில் சுமார் 400 அடி நீளம், 9 அடி உயரத்துக்குப் பச்சை ஹோலி வேலி வளர்த்திருந்தார். 1698இல் கப்பல் கட்டும் தொழிலைக் கற்க வந்த ரஷ்யப் பேரரசர் பீட்டர் அந்த வீட்டில் சுமார் மூன்று மாதம் தங்கினார். போகும்போது வீடும் தோட்டமும் நாசம். சேதத்தை மதிப்பிட வந்தவர் யார் தெரியுமா? செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்! அரசாங்கம் ஏறக்குறைய 350 பவுன் இழப்பீடு கொடுத்தது.

தேர்வு எழுதும் மாணவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்கணும். பேரரசரைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து வேலிக்குள் மோதவிட்டு விளையாடினார்கள் என்று ஒரு கதை உண்டு. சேதப் பட்டியலில் முறிந்த ஹோலிகளும் இருக்கின்றன, உடைந்துபோன மூன்று தள்ளுவண்டிகளும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது பின்னால் வந்தவர்கள். கதை சுவையானதுதான், ஆனால் கட்டுரையில் 'மோதினார்' என்று எழுதாதீர்கள், 'மோதியதாகச் சொல்வர்' என்று எழுதுங்கள்.

வரியிலை வகைகள் 1700ஐ ஒட்டிய காலத்தில் பல பெயர்களில் பரவின. பிறகு இயற்கைக் காட்சி போன்ற தோட்டமே அழகு என்ற ரசனை வந்ததும், கத்தரித்த வேலிகள் பல இடங்களில் காணாமல் போயின. 19ஆம் நூற்றாண்டில் மறுபடியும் மவுசு. 1884இல் எடின்பரோ நாற்றுப் பண்ணையில் கிடைத்த 'கோல்டன் கிங்' இன்றும் விற்பனையில் உண்டு.

ஹோலியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்தில்தான் காய் பிடிக்கும், அதுவும் பக்கத்தில் ஆண் மரம் இருந்தால்தான். வேடிக்கை என்னவென்றால் 'கோல்டன் கிங்' பெண். 'சில்வர் குவீன்' ஆண்! பெயரை நம்பி ராணியை மட்டும் வாங்கி நட்டவர்களுக்குக் கடைசிவரை ஒரு காய்கூடக் கிடைக்காது.

வரியிலை மரத்தில் அவ்வப்போது முழுப் பச்சைக் கிளை ஒன்று கிளம்பும். அதில் பச்சையம் அதிகம் என்பதால் மற்றக் கிளைகளைவிட வேகமாக வளரும். கண்டதும் அடியோடு வெட்டிவிட வேண்டும். சில ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் மஞ்சள் கிளைகளை அமுக்கிவிட்டு, மரம் பழையபடி காட்டு ஹோலியாக நிற்கும்.