பிழை பொறுத்த மொழி: எச்.டி.எம்.எல். வரலாற்றில் தொடக்கநிலை மாணவர்

இணையப் பக்கம் வடிவமைக்கக் கற்கத் தொடங்கும் மாணவர் முதல் வாரத்திலேயே ஒரு விந்தையைக் காண்கிறார். தடித்த எழுத்துக்கும் சாய்வெழுத்துக்கும் உரிய குறிச்சொற்களை வரிசை மாற்றி மூடிவிடுகிறார். ஆயினும் பக்கம் ஒழுங்காகவே தோன்றுகிறது. சி மொழியில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டாலே நிரல் இயங்க மறுக்கும். எச்.டி.எம்.எல். மட்டும் ஏன் இத்தனை பொறுமை காட்டுகிறது? இப்பொறுமை இயல்பாக நிலைத்துவிடவில்லை. அதனை ஒழிக்க ஒரு முயற்சி நடந்தது, அது தோற்றது.

ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் தம் முன்மொழிவை எழுதினார். 1991 இறுதியில் வெளியான அவருடைய சிறு ஆவணம் 18 கூறுகளை விவரித்தது. அவற்றுட் பல, 1986இல் பன்னாட்டுத் தரநிலையாகிய எஸ்.ஜி.எம்.எல். மரபில் செர்ன் ஏற்கெனவே பயன்படுத்தி வந்தவை. மனிதர் இக்குறிச்சொற்களைக் கையால் எழுதுவர் என்று அவர் கருதவில்லை. நெக்ஸ்ட் கணினியில் அவர் அமைத்த முதல் உலாவி தொகுப்பானாகவும் இருந்தது. ஆனால் அக்கணினி அரிது. உலகெங்கும் பரவிய உலாவிகளோ பார்ப்பதற்கு மட்டுமே உதவின. எழுத விரும்பியோர் எளிய உரைத்தொகுப்பானை நாடினர். 1993இல் வந்த மொசைக் உலாவியில் ஒரு பக்கத்தின் மூலத்தைத் திறந்து காணும் வசதி இருந்தது. பிறர் பக்கமே பாடநூலாயிற்று. பார்த்தனர், படியெடுத்தனர், மாற்றினர். அயலார் பிழைகளையும் சேர்த்தே படியெடுத்தனர். எழுத்தோலைப் படிகளில் பாடபேதம் பெருகிய கதையை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. மாணவர்க்குக் கிடைத்த மலிவான கணக்குகள் எழுத்து மட்டுமே காட்டுபவை. லிங்ஸ் உலாவியில் படங்கள் இல்லை. படத்துக்கு மாற்றுரை எழுதப்படாத இடத்தில் ‘இமேஜ்’ என்றொரு வெற்றுச் சொல் நின்றது. எழுத்தைப் பெரிதாக்கித் தலைப்புப்போலக் காட்டிய பக்கம் அத்திரையில் வெறும் பத்தியாகச் சரிந்தது; தலைப்பைத் தலைப்பென்றே குறித்த பக்கம் நிலைத்தது. அமைப்பு வேறு, தோற்றம் வேறு என்னும் பாடத்தை வறுமை கற்பித்தது எனலாம்.

இந்தச் சீர்கேட்டைத் திருத்தவே எக்ஸ்.எம்.எல். 1998 பிப்ரவரியில் வந்தது. அதன் விதி கடுமையானது: அமைப்புப் பிழை ஒன்று நேர்ந்தால் செயலி வழக்கமான பணியை நிறுத்திவிட வேண்டும். 2000 ஜனவரியில் வெளியான எக்ஸ்.எச்.டி.எம்.எல். 1.0 அவ்விதியின்கீழ் பழைய மொழியைக் கொணர்ந்தது. நோக்கம் தவறன்று, திறன் குறைந்த சிறு கருவிகள் பிழைகளை ஊகித்துத் திருத்த இயலாதவை. பாடநூல்கள் உடனே மாறின. வரி முறிக்கும் குறிச்சொல்லின் இறுதியிலும் சாய்கோடு இடுவது ஒழுக்கமாயிற்று. ஆனால் பெரும்பாலான வழங்கிகள் அப்பக்கங்களைச் சாதாரண எச்.டி.எம்.எல். என்றே அனுப்பின, உலாவிகளும் அவ்வாறே படித்தன. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்ப்ளோரர் 2011இல் வந்த ஒன்பதாம் பதிப்பு வரை எக்ஸ்.எச்.டி.எம்.எல். கோப்பை அதற்குரிய வகையில் ஏற்கவேயில்லை. ஒரு தலைமுறை மாணவர் கண்டிப்பான மொழியை எழுதுவதாக நம்பினர்; அவர்கள் இட்ட சாய்கோட்டையோ உலாவி பொறுத்துக்கொள்ளத்தக்க சிறு பிழையாகவே கடந்து சென்றது.

2002இல் வரைவு வெளியான எக்ஸ்.எச்.டி.எம்.எல். 2.0 பழைய பக்கங்களுடனான தொடர்பையே அறுக்க முனைந்தது. 2004 ஜூனில் சான் ஹோசேயில் நடந்த டபிள்யூ3சி பயிலரங்கில், இருக்கும் மொழியையே வளர்க்கலாம் என்று மொசில்லாவும் ஓபராவும் முன்வைத்த யோசனை வாக்கெடுப்பில் தோற்றது. சில நாள்களிலேயே அவ்விரண்டுடன் ஆப்பிளைச் சார்ந்தோரும் இணைந்து வாட்விஜி என்னும் தனிக்குழுவைத் தொடங்கினர். உலகம் முழுவதையும் ஒரேயடியாக எக்ஸ்.எம்.எல்.லுக்கு மாற்றும் முயற்சி பலிக்கவில்லை என்று 2006இல் பெர்னர்ஸ்-லீயே ஒப்புக்கொண்டார். 2009இல் இரண்டாம் பதிப்பின் பணி கைவிடப்பட்டது. 2014 அக்டோபரில் எச்.டி.எம்.எல்.5 தரநிலையாயிற்று.

புதிய குறிச்சொற்களே எச்.டி.எம்.எல்.5இன் சாதனை என்று வகுப்பறைகள் கூறுகின்றன. அதனினும் பெரிது, பிழையை எவ்வாறு படிப்பது என்பதை அது விதியாக்கியமை. முன்பு ஒவ்வோர் உலாவியும் தன் போக்கில் ஊகித்தது. இப்போது ஊகமும் தரநிலை. வரிசை மாறி மூடிய குறிச்சொற்களைச் சீர்செய்யும் முறைக்குத் தத்தெடுப்பு முகமை என்றே பெயர். கூறுகள் ஒரு பெற்றோரிடமிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்படுவதால் வந்த குறும்பான பெயர் அது.

இப்பொறுமைக்கு விலை உண்டு. பிழையைச் சுட்டாத மொழியில் கற்பவர் தம் பிழையை அறிவதில்லை. படத்துக்கு மாற்றுரை எழுதாத பக்கம் இன்றும் எவ்விதத் தடையுமின்றித் திறக்கிறது. எழுதிய மாணவர் கண்ணுக்கு அதில் குறையொன்றும் தெரியாது. திரைவாசிப்பானைக் கொண்டு படிக்கும் பார்வையற்ற வாசகர், படத்தின் பொருளுக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஒரு கோப்பின் பெயரையே கேட்கிறார்.