ஷேக்ஸ்பியரின் உயில் போன வழி

மூன்றே தாள்கள். 1616 மார்ச் 25 அன்று ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் அவற்றில் கையெழுத்திட்டார். ஜனவரியிலேயே எழுதத் தொடங்கிய உயில் அது. முதல் தாளில் ஜனவரியை அடித்து மார்ச் ஆக்கியிருக்கிறார்கள். அதே தாளில் இன்னொரு அடித்தல்தான் மனதைப் பிசைகிறது. ‘என் மருமகனுக்கு’ என்று தொடங்கியதை அடித்துவிட்டு, மேலே ‘மகள் ஜூடித்துக்கு’ என்று எழுதியிருக்கிறது.

பிப்ரவரியில் இளைய மகள் ஜூடித்துக்கும் தாமஸ் குவைனிக்கும் கல்யாணம் நடந்தது. மார்ச் நடுவில், அவரால் கருவுற்றிருந்த வேறொரு பெண் பிரசவத்தில் இறந்துபோனாள். உயிலில் கையெழுத்தான மறுநாளே மாப்பிள்ளை தேவாலய நீதிமன்றத்தில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஜூடித் மூன்று ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தால் இன்னும் 150 பவுண்டு என்கிறது உயில். ஆனால் கணவர் அதே மதிப்புக்கு நிலம் எழுதிவைத்தாலொழிய, அவளுக்கு வட்டி மட்டும்தான், முதலைத் தொடக்கூடாது. மனைவிக்கு இரண்டாந்தரக் கட்டிலை எழுதிவைத்ததைப் பற்றித்தான் உலகம் ஓயாமல் பேசுகிறது. எனக்கோ பெண்ணைப் பெற்றவரின் இந்தக் கவலைதான் பெரிதாகப் படுகிறது.

ஏப்ரல் 23 அன்று அவர் இறந்தார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு மூத்த மகள் சூசன்னாவுக்கும் அவள் கணவர் டாக்டர் ஜான் ஹாலுக்கும். அன்று இங்கிலாந்தில் உயில்களை மெய்ப்பிப்பது, அதாவது புரோபேட், திருச்சபையின் வேலை. ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் 5 பவுண்டுக்கு மேல் பொருள் இருந்தால், கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். ஜூன் 22 அன்று அந்த நீதிமன்றத்தில் ஹால் சத்தியம் செய்து புரோபேட் வாங்கினார். சூசன்னா பிறகு வந்தால் அவளுக்கும் உரிமை உண்டு என்று குறித்துக்கொண்டார்கள்.

வாரிசுகள் வேலையை நடத்த முத்திரையிட்ட நகல் போதும். மூல உயில் நீதிமன்றத்திலேயே தங்கிவிடும். அந்த மூன்று தாள்களைக் காப்பாற்றிக் கொடுத்தது இந்தச் சாதாரண அலுவலக வழக்கம்தான். சூசன்னாவுக்குப் போன நியூ பிளேஸ் வீடுகூட இன்று இல்லை. ஷேக்ஸ்பியருடையவை என்று பொதுவாக ஏற்கப்பட்ட கையெழுத்துகள் மொத்தமே ஆறு. அவற்றில் மூன்று, தாளுக்கு ஒன்றாக, இந்த உயிலில் இருக்கின்றன.

1858-இல் புரோபேட் அதிகாரம் திருச்சபையிடமிருந்து அரசு நீதிமன்றத்துக்கு மாறியது. உயில் 1874-இல் சாமர்செட் ஹவுஸுக்கும், 1962-இல் அரசு ஆவணக் காப்பகத்துக்கும் இடம்பெயர்ந்தது. இப்போது லண்டனின் கியூ பகுதியில், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

அதனுடன் புறப்பட்ட இன்னொரு தாள் வந்துசேரவில்லை. சொத்துப் பட்டியல் தாக்கலானது என்று புரோபேட் குறிப்பு சொல்கிறது, பட்டியல் கிடைக்கவில்லை. உயிலில் ஒரு புத்தகத்தைப் பற்றிக்கூடப் பேச்சில்லை. அவர் வீட்டில் என்னென்ன புத்தகங்கள் இருந்தன என்பதை, சட்டி பானைகளோடு சேர்த்தாவது, சொல்லியிருக்கக்கூடியது அந்தப் பட்டியல்தான்.