திண்ணைப் பட்டறை

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் டிரங்க் ரோட்டில் ஏறத்தாழ 125 கிலோமீட்டரில் திண்டிவனமும், அதற்கப்பால் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் விழுப்புரமும் அமைந்திருப்பதை, இந்நாளைய பிரயாணிகள் ஒரு காப்பிக்கும் அடுத்த சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட தூரமாகவே அறிவர். மோட்டார் சைக்கிள் என்பது ஊருக்கு ஒன்றோ இரண்டோ என்று இருந்த காலத்திலோ, பட்டணத்துக் கம்பெனி ஏஜண்டின் கடைக்கும் இவ்வூர்களுக்கும் நடுவே கிடந்த அந்தத் தூரந்தான், பழைய தென்னாற்காடு ஜில்லாவின் வடபகுதியில் வண்டி வைத்திருந்த ஒவ்வொருவரையும் அரை மெக்கானிக்காக ஆக்கிற்று. வண்டி வாங்கினவன் அதைக் கழற்றவும் மாட்டவும் கற்றாக வேண்டும் என்பது, நீந்தத் தெரியாதவன் கிணற்றில் இறங்கக் கூடாது என்பதைப் போல, யாரும் எடுத்துச் சொல்லாமலே எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த ஒரு விதியாக இருந்தது.

இந்த வித்தைக்கு மூலம் மோட்டார் கம்பெனிகளில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. என் அபிப்பிராயத்தில் அதன் பிறப்பிடம் கிணற்றங்கரை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை ராஜதானியில் கைத்தொழில் அபிவிருத்திக்குப் பொறுப்பேற்றிருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி, கவலை இறைத்து மாடும் மனிதனும் இளைப்பதற்குப் பதிலாக ஆயில் எஞ்சினையும் பம்பையும் வைத்து நீர் இறைக்கலாம் என்று குடியானவர்களிடம் பிரசாரம் செய்து, கடன் உதவிக்கும் வழிசெய்தார். மணிலாக்கொட்டை விளையும் இந்தச் சீமையில் (திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சிப் பண்ணையில் தேர்ந்தெடுக்கப்பட்டு 1940-இல் வெளியான டி.எம்.வி. 2 என்னும் ரகம், ஊரின் பெயரையே தன் முதலெழுத்துக்களாகச் சுமந்துகொண்டு நாடெங்கும் பரவிற்று) கிணற்று மேட்டில் சிறியதொரு கொட்டகையும், அதற்குள் புகை கக்கும் ஒற்றை சிலிண்டர் எஞ்சினும் காலக்கிரமத்தில் சாதாரணக் காட்சியாயின. தண்ணீர் பாய்ச்சும் நாளில் அது நின்றுபோனால் பயிர் மெக்கானிக்குக்காகக் காத்திராது; ஆகவே வால்வைத் தேய்த்து உட்கார வைப்பதும், பிஸ்டன் ரிங்கை உடையாமல் விரித்து மாட்டுவதும், ஆயிலில் இரும்புத் தூள் மினுக்குகிறதா என்று விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்ப்பதும், ஏர் ஓட்டுவதைப் போலவே விவசாயத்தின் ஓர் அங்கமாகிவிட்டன. பின்னர் மின்சாரம் வந்து ஆயில் எஞ்சின்கள் மூலைக்குப் போனபோது, அந்தக் கைப்பழக்கம் மூலைக்குப் போகவில்லை. கிணற்று மேட்டிலிருந்து வீட்டு வாசலுக்கு இறங்கி வந்து, புல்லட்டின் மேல் கைவைத்தது. புல்லட்டும் ஒற்றை சிலிண்டர்தானே!

மற்றொரு மூலம் ரயில். புதுச்சேரிக்கு 1879-லேயே இருப்புப்பாதை பிரிந்துவிட்ட விழுப்புரம், பிற்காலத்தில் சென்னை, புதுச்சேரி, கடலூர் வழியாக மாயவரம், விருத்தாசலம் வழியாகத் திருச்சி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி என ஐந்து திசைக்கும் வழி விடும் சந்திப்பாக வளர்ந்தது. அங்கிருந்த லோக்கோ ஷெட்டில் நீராவி எஞ்சின்களோடு மல்லுக்கு நின்ற ஃபிட்டர்கள், ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபின் அண்டை அயலாரின் வண்டிகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். கூலி பெரும்பாலும் ஒரு காப்பியும் இரண்டு வெற்றிலையுமே. ரயில் செய்த மற்றொரு உபகாரம் இன்னும் முக்கியமானது. விழுப்புரத்தில் காலையில் ஏறினால் எழும்பூரில் இறங்கலாம். எழும்பூரிலிருந்து கால்நடையாகவே போய்விடக்கூடிய புதுப்பேட்டையோ, பழைய வண்டிகளை உடைத்து உறுப்பு உறுப்பாக விற்பதற்குப் பெயர்போன இடம். அங்கே பேரம் பேசி வாங்கிய கார்ப்பரேட்டரையோ கிளட்ச் பிளேட்டையோ மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு மாலை ரயிலில் திரும்பி, மறுநாள் காலையில் மாட்டிவிடலாம். பாசஞ்சர் வண்டியின் கால அட்டவணைக்கும் புல்லட்டின் ஆயுளுக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தை எந்தச் சரித்திரமும் எழுதி வைக்கவில்லை.

வீட்டில் வண்டியைப் பிரித்துப் பார்ப்பதற்குத் தமிழ்நாட்டில் ஆதிபுருஷர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால், அவர் நம் ஜில்லாக்காரர் அல்லர், கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மோகித்து, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்து மறுபடியும் கூட்டிய அவருடைய விருத்தாந்தம் பிரசித்தமானது. 1920-இல் பஸ் தொழிலில் இறங்கியவருக்கு அந்த ரட்ஜே பள்ளிக்கூடமாக இருந்தது என்றால் மிகையன்று. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் இராணுவத்தார் ஏலத்தில் கழித்துவிட்ட பி.எஸ்.ஏ., நார்ட்டன் முதலிய வண்டிகள் அங்குமிங்கும் தனியார் கைக்கு வந்தபோது, அவற்றை வாங்கினவர்கள் அனைவரும் சிறிய அளவில் நாயுடுவின் வழியையே பின்பற்ற நேர்ந்தது. ஏனெனில் அவற்றுக்கு உதிரி பாகம் தர இங்கே எவரும் இல்லை. தேய்ந்த புஷ்ஷை லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தானே இழைத்துக்கொள்வதைத் தவிர வேறு மார்க்கம் ஏது?

நிலைமையை மாற்றியது 1955. இங்கிலாந்தில் ஊசி செய்வதற்குப் பேர்போன ரெடிச் என்னும் ஊரில், ஊசித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து கிளைத்து, 1901-இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி, சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவிற்று. திருவொற்றியூரில் 350 சி.சி. புல்லட் கூட்டப்பட்டு, சில ஆண்டுகளில் முழுவதுமாக இங்கேயே செய்யப்படலாயிற்று. ரெடிச்சின் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் அந்த ஆங்கிலக் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் உற்பத்தியே முடிவுற்றது. திருவொற்றியூரிலோ அதே இரும்பு வார்ப்பு எஞ்சின், பெரிய மாறுதல் ஏதுமின்றி, அதன்பின்னும் ஒரு தலைமுறைக்கு மேல் வந்துகொண்டிருந்தது. தந்தை கற்ற வித்தை மகனுக்கும் அப்படியே பயன்பட்டதற்குக் காரணம் இந்த மாறாமைதான். புதுமை இல்லாத கம்பெனி என்று அதைப் பழித்தவர்கள் பலர். திண்ணையில் உட்கார்ந்து டேப்பெட் பிடித்தவர்கள் ஒருபோதும் பழித்ததில்லை.

அந்த டேப்பெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும் விடியற்காலையே அதற்கு உரிய நேரம். பக்கவாட்டிலுள்ள மூடியின் ஒற்றை நட்டைக் கழற்றினால் இரண்டு தண்டுகள் தெரியும். பிஸ்டன் மேலே வந்து இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில், தண்டை இரு விரலால் பிடித்து உருட்டினால் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழுமாக ஆட்டினால் அசையக் கூடாது. அவ்வளவே அளவு. இதற்குக் கேஜ் இல்லை, விரல்தான் கேஜ். இறுக்கமாக வைத்தவன் வால்வைக் கருக்கினான். தளர்வாக வைத்தவனுடைய வண்டி தெருமுனையில் வரும்போதே தட்டச்சு யந்திரத்தைப் போலத் தடதடத்து, அவன் கைத்திறனை ஊராருக்கு அறிவித்தது. திறந்து மூடி பிளக்கில் பொறி எழச் செய்யும் பாயிண்டுக்கு மட்டும் ஃபீலர் கேஜ் வேண்டும், இடைவெளி 0.35-இலிருந்து 0.40 மில்லிமீட்டர் வரை. கேஜ் இல்லாத வீடுகளில், சவரப் பிளேடு ஒன்றின் கனம் சுமார் 0.10 மில்லிமீட்டர் என்பதை அறிந்த புத்திசாலிகள், நான்கு பிளேடுகளை அடுக்கிச் செருகிப் பார்த்துச் சரிசெய்தார்கள். உதைத்துக் கிளப்புவதிலும் ஒரு சாஸ்திரம் இருந்தது: சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டரின் முள் நடுவே வந்து நின்றால் பாயிண்ட் திறந்துகொண்டது என்று பொருள், அப்போது டீகம்ப்ரஷன் நெம்புகோலைப் பிடித்துச் சற்றே தாண்டவிட்டு, பிறகு ஒரே உதை. முள்ளைப் பாராமல் பலத்தை மட்டும் நம்பி உதைத்தவர்களுடைய முழங்காலை வண்டி திருப்பி உதைத்துத் திருத்திற்று.

இவ்வேலைகளையெல்லாம் செய்த நாளைக் குறித்து வைப்பவர்களும் இருந்தனர். வண்டியோடு வந்த கையேட்டின் ஓரங்களில், ‘ரிங் மாற்றியது’, ‘செயின் புதிது’, ‘கியர்பாக்ஸ் கிரீஸ்’ என்று பென்சிலால், கிலோமீட்டரும் தேதியுமாக எழுதப்பட்ட குறிப்புக்களை நான் பார்த்திருக்கிறேன். மாட்டுக் கொட்டகைச் சுவரில், மாடு சினைப்பட்ட தேதிக்குப் பக்கத்திலேயே ஆயில் மாற்றிய தேதியையும் கரியால் எழுதிய வீடுகளும் உண்டு.

மைசூரில் 1961-இல் தொடங்கிய ஜாவாவும், அறுபதுகளில் வந்த ராஜ்தூத்தும், திருப்பதிப் பக்கத்துச் சுவேகாவும், 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-உம் டூ-ஸ்ட்ரோக் வம்சத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்கு வால்வு இல்லை, டேப்பெட் இல்லை. ஆனால் கரி உண்டு. லிட்டருக்கு நாற்பது ஐம்பது மில்லி ஆயிலைப் பெட்ரோலோடு ஊற்றி, கலக்கவேண்டும் என்பதற்காக வண்டியைப் பங்கிலேயே இடமும் வலமுமாகச் சாய்த்துக் குலுக்கும் காட்சியை மறந்தவர் யார்? அந்த ஆயில் எரிந்து, சிலிண்டரின் புகைவாயிலும் சைலன்சரும் கரியடைத்துப்போனால், மயிலம் மலைக்குப் போகும் மேட்டில் வண்டி மூச்சுத் திணறும். உடனே சைலன்சரைக் கழற்றி, வைக்கோலையும் வறட்டியையும் மூட்டி அதில் போட்டுச் சுட்டு, ஆறியபின் தரையில் தட்டினால், கரி பொருக்குப் பொருக்காக உதிரும். பிஸ்டன் தலையைச் சுரண்டுவதற்குத் திருப்புளியை எடுப்பவன் மூடன். மூங்கில் சிம்பை எடுப்பவன் தேர்ந்தவன், ஏனெனில் அலுமினியத்தில் கீறல் விழாது.

சிறுவயதில் எனக்குக் கிடைத்த முதற்பாடமும் இவ்வகைத்தே. பிஸ்டனைக் கழற்றும்போது கிராங்க் கேஸின் வாயில் துணி அடைக்க வேண்டும் என்பதை மறந்தேன். சர்க்கிளிப் என்னும் அந்த அற்பக் கம்பி வளையம் குறட்டிலிருந்து தெறித்து நேரே உள்ளே போயிற்று. அதை எடுப்பதற்காக எஞ்சினையே இறக்கிக் கவிழ்க்க வேண்டியதாயிற்று. அன்று என் சிற்றப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனத்துக்குப் பின் நான் துணி அடைக்க மறந்ததே கிடையாது.

இந்த வித்தையைப் புகழும்போது, அதன் பாரம் யார் தலையில் விழுந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. டார்ச்சுலைட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, வெளிச்சம் நகர்ந்ததற்காகத் திட்டு வாங்கிய பையன்கள். அடுப்புக்கென்று ரேஷனில் வாங்கிய மண்ணெண்ணெயில் பாதி செயின் கழுவப் போனதைக் கண்டு வாய்விட்டவர்களும், விடாமலே பொறுத்தவர்களுமான பெண்கள். பழம்புடைவை கிழிபட்ட பாட்டி: இவர்களெல்லாம் அந்தப் பட்டறையின் சம்பளமில்லாத தொழிலாளர்கள். பழுதுபார்ப்பவர் எல்லோரும் சமர்த்தர்களும் அல்லர். சைலன்சரின் உட்குழலை உருவி எறிந்து ஊரை அதிரவைத்தவர்கள், போல்ட்டை முறித்துவிட்டுக் கட்டுக்கம்பியால் கட்டியவர்கள், பிரேக்கைத் தப்பாக மாட்டிப் பள்ளத்தில் போய் விழுந்தவர்கள் ஆகியோரின் எண்ணிக்கையும் அற்பமன்று.

ஆயுத பூஜைக்கு முன்தினம் மட்டும் இந்தப் பேதங்கள் மறைந்துவிடும். வருஷம் முழுவதும் வண்டியைத் தொடாதவனும் அன்று அதைக் கழுவி, செயினுக்கு எண்ணெயிட்டு, கேபிள்களில் ஆயில் இறக்கி, பிளக்கைத் தேய்ப்பான். மறுநாள் ஸ்பேனர்களும் திருப்புளிகளும் வரிசையாகச் சந்தனப் பொட்டோடு மனையில் வீற்றிருக்கும். எலுமிச்சம்பழம் சக்கரத்தடியில் நசுங்கும். பக்தி ஒருபுறமிருக்க, எந்தக் கம்பெனியின் அட்டவணைக்கும் கட்டுப்படாதவனையும் ஆண்டுக்கொரு முறை வண்டியருகே குனியவைத்த வழக்கம் இது.

திண்ணைப் பட்டறையின் தேய்வு 1985-இல் ஆரம்பித்தது. ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தபோது, பாயிண்ட் இருந்த இடத்தில் திறக்க முடியாத ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அது கெட்டால் மாற்றலாம், தேய்க்க ஒன்றுமில்லை. அதே ஆண்டில் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 வாலிபர்களை மயக்கிற்றே யொழிய, வாசலில் உட்காரவைக்கவில்லை. 1993-இல் விழுப்புரம் தனி ஜில்லாவாயிற்று, டி.என். 32 என்றும், திண்டிவனத்துக்கு டி.என். 16 என்றும் எண்கள் தாங்கிய புதுவண்டிகள் பெருகின. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஊரிலேயே கண்ணாடிக் கதவு வைத்த ஷோரூம் வந்தது. பட்டணத்துத் தூரம் இல்லாமற் போயிற்று. தூரம் உண்டாக்கிய வித்தையும் அதனோடு போவது இயற்கையே. பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டும் நின்றது. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்து, பெரும்பாலான வண்டிகளில் கார்ப்பரேட்டரும் போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் கருவியும் அதற்குக் கட்டளையிடும் கணினியும் அமர்ந்தபின், கோளாறை அறியக் காதும் விரலும் போதாமல், கம்பி செருகிப் படிக்கும் யந்திரம் தேவைப்படுகிறது. இதனால் புகை குறைந்தது, மைலேஜ் கூடியது. நஷ்டம் என்று புலம்ப எனக்கு மனமில்லை.

ஆனால் ஒரு வேண்டுகோள் உண்டு. இந்தத் தொழிலுக்குக் கல்வெட்டு இல்லை, செப்பேடு இல்லை, கெஸட்டியரில் ஒரு வரியும் இல்லை. இருப்பவையெல்லாம் கையேடுகளின் ஓரத்துப் பென்சில் குறிப்புக்களே. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ செஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலோ, உங்கள் வீட்டுப் பரணில் ஆயில் கறை படிந்த அத்தகைய புத்தகம் ஒன்று கிடந்தால், தயவுசெய்து அதைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எழுதியவரின் பெயரையும் ஊரையும் முதற்பக்கத்தில் குறித்து, பத்திரமாக எடுத்து வையுங்கள்.