செப்டம்பர் 15 அல்ல, 29: ஒரு மிடில்வெயிட் இறுதிப்போட்டிக்கு முன்னால்

நம்மூரில் குத்துச்சண்டை என்றால் முகமது அலி, அதை விட்டால் காதைக் கடித்த மைக் டைசன். இரண்டு பேருமே ஹெவிவெயிட். ஆனால் இந்த விளையாட்டை விடாமல் பார்ப்பவர்களில் பலருக்குப் பிடித்தது மிடில்வெயிட் பிரிவுதான். உச்சவரம்பு 160 பவுண்டு, அதாவது சுமார் 72.5 கிலோ. கனமான குத்தும் இருக்கும், வேகமும் குறையாது. சுகர் ரே ராபின்சன், கார்லோஸ் மொன்ஸோன், மார்வின் ஹாக்லர் என்று பெரிய பெயர்களெல்லாம் இந்தப் பிரிவில்தான்.

1987-ல் ஹாக்லர், சுகர் ரே லியோனார்டிடம் தோற்று ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பிரிவுக்கு ஒரே ராஜா என்று யாரும் இல்லாமல் போய்விட்டது. குத்துச்சண்டையில் உலக சாம்பியன் பட்டம் தர ஒரு சங்கம் அல்ல, பல சங்கங்கள் உண்டு. WBC என்று எழுதப்படும் டபிள்யூ.பி.சி. ஒருவரைச் சாம்பியன் என்கும், டபிள்யூ.பி.ஏ. இன்னொருவரை, ஐ.பி.எஃப். மூன்றாமவரை. மூன்று பேரும் இடுப்பில் ஆளுக்கொரு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் மோதாமலே காலத்தை ஓட்டலாம். ஓட்டினார்கள். பதினான்கு வருடம்!

2001-ல் இதை முடிவுக்குக் கொண்டுவந்தவர் டான் கிங். தலைமுடி ஆகாயத்தை நோக்கி நிற்குமே, அதே டான் கிங்தான். நாலு பேரை வைத்து ஒரு போட்டித்தொடர். வெல்பவருக்கு மூன்று பெல்ட்டும், சுகர் ரே ராபின்சன் பெயரில் ஒரு கோப்பையும். டபிள்யூ.பி.சி. சாம்பியன் கீத் ஹோம்ஸ், டபிள்யூ.பி.ஏ. சாம்பியன் வில்லியம் ஜோப்பி, ஐ.பி.எஃப். சாம்பியன் பெர்னார்ட் ஹாப்கின்ஸ். நாலாவது ஆள், கீழ் எடைப்பிரிவிலிருந்து மேலே ஏறி வந்த ஃபெலிக்ஸ் டிரினிடாட். நாலு பேரில் மிடில்வெயிட்டில் ஒரு சண்டைகூடப் போடாதவர் இவர் ஒருவர்தான். விளம்பரம் முழுக்க இவரைச் சுற்றித்தான்!

காரணம் இருந்தது. போர்ட்டோ ரிக்கோவின் செல்லப்பிள்ளை அவர். ஊரே "டீட்டோ" என்று கூப்பிடும். 1993-ல், இருபது வயதில், மாரிஸ் பிளாக்கரை இரண்டே ரவுண்டில் வீழ்த்தி வெல்டர்வெயிட் (147 பவுண்டு) சாம்பியன் ஆனார். 1999 செப்டம்பரில் ஆஸ்கர் டி லா ஹோயாவைப் புள்ளிக்கணக்கில் வென்றார். 2000-ல் 154 பவுண்டுக்கு ஏறி, ஒலிம்பிக் தங்கம் வாங்கிய டேவிட் ரீடையும், டிசம்பரில் பெர்னாண்டோ வர்காஸையும் அடித்துத் துவைத்தார். 40 சண்டை, 40 வெற்றி, அதில் 33 நாக் அவுட். இடது கையால் அவர் போடும் ஹுக் சரியாக விழுந்தால் எதிராளிக்கு அதற்கப்புறம் நடந்தது ஞாபகம் இருக்காது. பயிற்சியாளர் அவருடைய அப்பா. அவர் பெயரும் ஃபெலிக்ஸ் டிரினிடாட்தான்.

ஹாப்கின்ஸின் கதை வேறு மாதிரி. பிலடெல்பியாவின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்தவர். பதினேழு வயதில் வழிப்பறிக் குற்றங்களுக்காக 18 வருடத் தண்டனை. கிரேட்டர்ஃபோர்டு சிறையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் இருந்தார். குத்துச்சண்டையைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது அங்கேதான். 1988-ல் வெளியே வந்து, அதே வருடம் முதல் தொழில்முறைச் சண்டை. அதில் தோல்வி! 1993-ல் ராய் ஜோன்ஸிடம் பட்டத்துக்காக மோதி மறுபடியும் தோல்வி. அடுத்த வருடம் ஈக்வடார் தலைநகர் கீட்டோவில், மூச்சு வாங்கும் அந்த மலை உயரத்தில், செகுண்டோ மெர்கடோவிடம் இரண்டு முறை கீழே விழுந்து எழுந்து டிரா செய்தார். 1995-ல் அதே மெர்கடோவை ஏழாவது ரவுண்டில் முடித்தபோதுதான் பட்டம் கிடைத்தது. அப்போது வயது முப்பது.

அதன்பிறகு தோற்கவே இல்லை. 2001 இறுதிப்போட்டிக்கு முன்னால் பதின்மூன்று முறை பட்டத்தைக் காப்பாற்றியிருந்தார். ஆனால் அவர் யாரோடெல்லாம் மோதினார் என்று தெருவில் போகிறவரைக் கேட்டால் ஒரு பெயர் சொல்லத் தெரியாது. டிவி நிறுவனங்களோடு, அமைப்பாளர்களோடு ஓயாத சண்டை. 36 வயது ஆகிவிட்டது. மேடைக்கு முகமூடி போட்டுக்கொண்டு வருவார். தன்னை மரண தண்டனை நிறைவேற்றுபவர் என்று சொல்லிக்கொள்வார். பார்ப்பதற்குப் பயமாக இருக்கும், டிக்கெட் விற்காது.

அரையிறுதிகள் இரண்டும் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில். ஏப்ரல் 14-ல் ஹாப்கின்ஸ் ஹோம்ஸைப் புள்ளிக்கணக்கில் வென்றார். பார்த்தவர்களுக்குக் கொட்டாவி. மே 12-ல் டிரினிடாட் ஜோப்பியை மூன்று முறை கீழே தள்ளி ஐந்தாவது ரவுண்டில் முடித்தார். அரங்கமே ஆடியது. இந்த இரண்டு இரவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள்: டிரினிடாட் இளையவர், பலசாலி, தோற்காதவர், ஹாப்கின்ஸ் கிழவர். பந்தயச் சந்தையிலும் டிரினிடாட்தான் முன்னணி.

இப்போது திரும்பிப் பார்த்து அந்தக் கணிப்பைக் கேலி செய்வது சுலபம். கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது மடத்தனம் இல்லை. ஆனால் அதே தகவலில் வேறு சில விஷயங்களும் எல்லார் கண்முன்னாலும் இருந்தன.

ஒன்று, டி லா ஹோயா சண்டை. அதில் முதல் எட்டு, ஒன்பது ரவுண்டு டி லா ஹோயா பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே ஜாப் போட்டு டிரினிடாட்டைத் திணற வைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து கடைசி ரவுண்டுகளில் ஓடினார், அதனால் தோற்றார். நேரே நிற்கும் ஆளை டிரினிடாட் உடைத்துவிடுவார். நிற்காத ஆளைத் துரத்தத்தான் அவருக்கு வராது. இது அன்றைக்கே தெரிந்த விஷயம். இன்னொன்று, டிரினிடாட் கீழே விழுவார். ரீட் தள்ளியிருக்கிறார், வர்காஸ் தள்ளியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் எழுந்து ஜெயித்ததால் அதுவே அவருடைய வீரத்துக்குச் சாட்சியாகிவிட்டது. விழ வைத்தவர்கள் எல்லாம் அவரை விடப் பெரிய ஆட்கள் இல்லை என்பதை அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை.

ஹாப்கின்ஸ் பக்கம் பார்க்க வேண்டியது 2000 டிசம்பரில் ஆன்ட்வான் எக்கோல்ஸுடன் நடந்த சண்டை. ஆறாவது ரவுண்டில் எக்கோல்ஸ் அவரை மல்யுத்தம் மாதிரித் தூக்கித் தரையில் அடித்தார். தோள்பட்டை போனது. எக்கோல்ஸ் செய்தது விதிமீறல் என்பதால், தொடர முடியாது என்று சொல்லியிருந்தால் ஹாப்கின்ஸுக்கு உட்கார்ந்த இடத்திலேயே வெற்றி. அவர் தொடர்ந்து ஆடினார். பெரும்பாலும் ஒற்றைக் கையாலேயே சமாளித்து, பத்தாவது ரவுண்டில் எக்கோல்ஸை முடித்தார். இப்படிப்பட்ட ஆளை "வயசாகிவிட்டது" என்ற ஒரே வார்த்தையில் ஒதுக்கியதுதான் அந்த வருடத்தின் பெரிய தப்பு. ஹாப்கின்ஸுக்கே அந்தத் தப்பின் விலை தெரிந்திருந்தது. தன் மேலேயே 1 லட்சம் டாலர் பந்தயம் கட்டினார்!

ஜூலையில் விளம்பரக் கூட்டங்கள் தொடங்கின. அங்கேதான் விஷயம் விளையாட்டைத் தாண்டிப் போனது. நியூயார்க்கில் நடந்த கூட்டத்தில் ஹாப்கின்ஸ் போர்ட்டோ ரிக்கோ கொடியைத் தரையில் எறிந்தார். அதோடு விடவில்லை. அடுத்து போர்ட்டோ ரிக்கோ தலைநகர் சான் ஹுவானுக்கே போய், ரொபேர்ட்டோ கிளெமென்டே அரங்கத்தில், ஆயிரக்கணக்கான டிரினிடாட் ரசிகர்கள் முன்னால், மறுபடியும் கொடியைக் கீழே போட்டார். கூட்டம் மேடையை நோக்கிப் பாய்ந்தது. ஹாப்கின்ஸ் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

கொடியைப் போட்டதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், அந்தத் தீவின் சரித்திரம் கொஞ்சம் தெரிய வேண்டும். 1898-ல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா கைக்கு மாறிய தீவு அது. மக்கள் அமெரிக்கக் குடிமக்கள்தான். ஆனால் அங்கே வசிக்கிறவர்களுக்கு ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டு கிடையாது. 1948-ல் வந்த ஒரு சட்டத்தின்படி சொந்த வீட்டில் அந்தக் கொடியை வைத்திருப்பதே குற்றமாகக் கருதப்பட்டது. 1957 வரை அந்தச் சட்டம் இருந்தது. கொடியை ஒளித்து வைத்திருந்த தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் அன்று அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். எதிராளியைக் கோபப்படுத்தி நிதானம் இழக்கச் செய்வது குத்துச்சண்டையில் பழைய தந்திரம், அலியே செய்திருக்கிறார். ஆனாலும் இது ஒரு மனிதனைச் சீண்டுவதோடு நிற்கவில்லை, ஒரு ஊரையே அவமதித்தது. தந்திரம் பலித்ததா என்பது வேறு கேள்வி. செய்தது அசிங்கம்தான்.

இறுதிப்போட்டிக்குக் குறித்த நாள் செப்டம்பர் 15, சனிக்கிழமை. இடம், அதே மேடிசன் ஸ்கொயர் கார்டன்.

செவ்வாய்க்கிழமை காலை உலக வர்த்தக மையத்தின் கோபுரங்கள் விழுந்தன. அரங்கத்துக்கும் அந்த இடத்துக்கும் சுமார் ஐந்து கிலோமீட்டர்தான் தூரம். அமெரிக்கா முழுக்க விமானங்கள் நின்றன, விளையாட்டுகள் நின்றன. காணாமல் போனவர்களின் புகைப்படங்கள் நகரத்துச் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்தன. மூன்று பெல்ட்டுகளை யார் கட்டிக்கொண்டால் என்ன என்றுதான் அந்த வாரத்தில் யாருக்கும் தோன்றியிருக்கும். போட்டி இரண்டு வாரம் தள்ளி வைக்கப்பட்டது.

சண்டைக்காரனுக்கு இரண்டு வாரம் என்பது சாதாரணம் இல்லை. மாதக்கணக்கில் உடம்பைத் தயார் செய்வது ஒரே ஒரு இரவுக்காக. எடையைக் குறைத்து, பயிற்சியைப் படிப்படியாக ஏற்றி, கடைசி வாரத்தில் ஓய்வு கொடுத்து உச்சத்துக்குக் கொண்டுவருவார்கள். அந்த உச்சத்தை அப்படியே பதினான்கு நாள் பிடித்து வைக்க முடியாது. இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். 36 வயது உடம்புக்கு இது பெரிய இடி என்று பேச்சு வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஹாப்கின்ஸ் வருடம் பூராவும் சண்டை எடைக்குப் பக்கத்திலேயே இருப்பவர். குடி கிடையாது, இனிப்பு கிடையாது. சிறையில் கற்ற கட்டுப்பாடு.

செப்டம்பர் 29. கோபுரங்கள் விழுந்த பதினெட்டாம் நாள். அரங்கம் நிறைந்தது. நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோ மக்கள் லட்சக்கணக்கில் இருப்பதால், பார்த்த பக்கமெல்லாம் ஹாப்கின்ஸ் தரையில் போட்ட அதே கொடி.

மணி அடிக்கும் முன்பே ஒரு தகராறு. கையுறைக்குள் கையில் சுற்றும் துணிக்கட்டு டிரினிடாட்டுக்கு விதிப்படி இல்லை என்று, டிரஸ்ஸிங் ரூமில் பார்த்துக்கொண்டிருந்த ஹாப்கின்ஸ் தரப்பின் நசீம் ரிச்சர்ட்சன் ஆட்சேபித்தார். அவிழ்த்து மறுபடி கட்ட வைத்தார்கள். (இதே ரிச்சர்ட்சன்தான் 2009-ல் அன்டோனியோ மார்கரிட்டோவின் கைக்கட்டில் இருந்த கெட்டியான பொருளையும் கண்டுபிடித்தார்.) டிரினிடாட் தோற்றதற்கு இதுதான் காரணம் என்று சிலர் இன்னும் சொல்வதுண்டு. சண்டையைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. குத்து கனமாக விழுகிறதா என்ற கேள்வி வருவதற்கு முதலில் குத்து படவேண்டுமே!

படவில்லை. ஹாப்கின்ஸ் ஒரு இடத்தில் நிற்கவே இல்லை. ஜாப் போட்டார், நகர்ந்தார், டிரினிடாட் ஹுக்குக்குத் தயாராகும் நேரத்தில் அங்கிருந்து போயிருந்தார். டி லா ஹோயா செய்ததையே செய்தார். ஆனால் கடைசியில் ஓடுவதற்குப் பதிலாக நெருங்கினார். பத்தாவது ரவுண்டில் டிரினிடாட் தள்ளாடினார். அப்போது வெற்றி யாருக்கு என்பதில் சந்தேகம் இல்லை. பன்னிரண்டாவது ரவுண்டில் ஒரு வலது கைக் குத்து, டிரினிடாட் விழுந்தார். வழக்கம்போல எழுந்தார். ஆனால் இந்த முறை அவருடைய அப்பா மேடைக்குள் ஏறிவிட்டார். நடுவர் ஸ்டீவ் ஸ்மோகர் சண்டையை நிறுத்தினார். ரவுண்டு தொடங்கி 1 நிமிடம் 18 விநாடி.

அது ஹாப்கின்ஸின் பதினான்காவது பட்டக் காப்பு. மொன்ஸோனின் மிடில்வெயிட் சாதனைக்குச் சமம். அடுத்த வருடம் அதைத் தாண்டி, 2005-ல் ஜெர்மெயின் டெய்லரிடம் தோற்பதற்குள் இருபது வரை கொண்டுபோனார். டிரினிடாட் 2002-ல் ஒரு சண்டைக்குப் பிறகு ஓய்வு பெற்று, 2004-ல் திரும்பி வந்து, 2008 ஜனவரியில் ராய் ஜோன்ஸிடம் தோற்றதோடு முடித்துக்கொண்டார்.

2014 ஜூனில் டிரினிடாட்டைச் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆனவர்களுக்குத்தான் அங்கே இடம். அவரை விட எட்டு வயது மூத்த ஹாப்கின்ஸுக்கு அப்போது 49 வயது. லைட் ஹெவிவெயிட் பிரிவில் இரண்டு பெல்ட்டோடு இன்னும் சாம்பியனாக இருந்தார்.