வீதியும் வேலியும்: பொதுத் தேவைக்காகக் காணி எடுத்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் நெடுவீதி கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி ஆகிய ஊர்களைக் கடந்து புத்தூரை அடைகின்றது. புத்தூரிலிருந்து மேற்கே சுன்னாகம் நோக்கிச் செல்லும் வீதியில் நிலாவரைக் கிணறு உள்ளது. கிழக்கே செல்லும் வீதி வண்ணாத்திப் பாலத்தைக் கடந்து மீசாலையைச் சேர்கின்றது. இவ்வீதிகள் மாட்டுவண்டிக்கு ஏற்ற அகலத்தில் தோன்றியவை. அவற்றின் இருமருங்கும் செம்பாட்டு மண்ணின் தோட்டங்களும், வேலியும் படலையும் கொண்ட வளவுகளும் நெருங்கிக் கிடக்கின்றன. இத்தகைய வீதியொன்றைப் பத்தடி அகலமாக்க வேண்டின் அதற்குரிய நிலம் வெறுந்தரையிலிருந்து வருவதன்று. யாரோ ஒருவருடைய வேலிக்கு உள்ளேயிருந்தே வருதல் வேண்டும். உடையவர் இணங்கினும் இணங்காவிடினும் அந்நிலத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அரசுக்கு எவ்வாறு வாய்த்தது, அது எவ்வெல்லைக்குள் நிற்கின்றது என்பன ஆராயத்தக்கவை.

இவ்வதிகாரத்திற்கு ஐரோப்பிய சட்ட அறிஞர் இட்ட பெயர் ‘தொமினியம் எமினென்ஸ்’ என்பதாகும். மேலாட்சியுரிமை எனத் தமிழில் வழங்கலாம். ஒல்லாந்த அறிஞரான ஹியூகோ குரோஷியஸ் 1625இல் வெளியிட்ட போரும் அமைதியும் பற்றிய சட்ட நூலிலே இதனை விளக்கியுள்ளார். குடிகளின் உடைமைமீது அரசுக்கு ஒரு மேலான உரிமை உண்டு. ஆயின் பொது நன்மை கருதியே அதனைப் பயன்படுத்தலாம். இழந்தவருக்கு இயன்றவரை ஈடு செய்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் நூல் வெளிவந்து முப்பத்துமூன்று ஆண்டுகளின்பின், 1658இல், அவர் நாட்டவரே யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். அவர்கள் வழிவந்த உரோம–ஒல்லாந்தச் சட்டம் இன்றும் இலங்கையின் பொதுச் சட்டமாக நிலவுகின்றது. காணிகளைத் தோம்பிலே பதிந்து, இன்ன காணி இன்னாருடையது என எழுத்தில் நிறுத்த முயன்றவரும் ஒல்லாந்தரே.

அதே ஒல்லாந்தர் காலத்திலேதான் தேசவழமையும் எழுத்துருப் பெற்றது. கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்த இவ்வழமைகள் பன்னிரு தமிழ் முதலிமாரால் பார்வையிடப்பட்டு 1707இல் நிறைவுற்றன. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியினால் ஆங்கிலேயரும் அவற்றை ஏற்றனர். காணி விற்பனை பற்றிய வழமையொன்று ஈண்டு நோக்கற்பாலது. காணியை விற்க முற்படுபவர் அதனைப் பங்காளிகளுக்கும் உரித்தாளருக்கும் அயற்காணிக்காரருக்கும் முன்னரே அறிவித்தல் வேண்டும். வாங்குவதற்கு முதலுரிமை அவர்களுக்கே உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்வுரிமையைப் பங்காளிகள், உரித்தாளர் ஆகியோர் அளவில் சுருக்கிற்று. சுருங்கினும் இவ்வழமையின் உட்கிடை தெளிவானது. காணி கைமாறுவது விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவருக்கு மட்டும் உரிய விடயம் அன்று. அதனோடு தொடர்புடையோர் கைமாறுமுன் அறிந்து, தம் சொல்லைச் சொல்ல இடம் பெறல் வேண்டும். அரசு காணி எடுப்பது விற்பனை அன்று ஆதலின் இவ்வழமை அதற்குச் செல்லாது. செல்லாத இடத்தில் அதற்கு ஈடாக யாது நின்றது என்பதே இவ்வரலாற்றின் மையமாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் வீதிக்காக அரசு முதலில் கேட்டது நிலத்தை அன்று, உழைப்பையே. 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம் பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிப்பணி செய்யவோ, அதற்கு ஈடாகப் பணம் செலுத்தவோ விதித்தது. அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். நிலத்தை எடுக்கும் அதிகாரம் 1876ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கக் காணி எடுத்தற் கட்டளைச் சட்டத்தில் விரிவான உருப்பெற்றது. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியபோது நடைமுறையில் இருந்தது இச்சட்டமே. இதற்கெல்லாம் முன்னரே பொதுத் தேவைக்கு நிலம் விட்ட மரபொன்று இம்மண்ணில் இருந்தமையையும் மறத்தலாகாது. தெருவோரத்து மடங்களும், கேணிகளும், ஆவுரஞ்சிக் கற்களும், கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக நாட்டப்பட்ட சுமைதாங்கிகளும் தனியார் தம் விருப்பால் பொதுமக்களுக்கு ஈந்தவையே. வீதி அகலிக்கையில் முதலில் அகற்றப்படுவனவும் பெரும்பாலும் இவையே.

சுதந்திரத்தின்பின் 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் பெற்றது. பல திருத்தங்களுடன் இன்றும் வழக்கிலுள்ள இச்சட்டம் படிமுறையாகச் செல்கின்றது. இரண்டாம் பிரிவின்கீழ், ஒரு பகுதியில் பொதுத் தேவைக்குக் காணி வேண்டப்படலாம் என்ற அறிவித்தல் மும்மொழியிலும் காட்சிக்கு வைக்கப்படும். அதன்பின் அலுவலர் காணிக்குள் நுழைந்து அளக்கலாம். நான்காம் பிரிவின்கீழ், குறித்த காணியை எடுக்கக் கருதியிருப்பது உடையவருக்கு அறிவிக்கப்பட்டு, ஆட்சேபம் தெரிவிக்கப் பதினான்கு நாளுக்குக் குறையாத தவணை அளிக்கப்படும். ஐந்தாம் பிரிவின்கீழ் அமைச்சரின் வெளிப்படுத்துகை வர்த்தமானியில் வெளிவரும். காணி பொதுத் தேவைக்கு வேண்டியது என்பதற்கு அதுவே முடிந்த முடிபான சான்றாகக் கொள்ளப்படும். அளவைப் படம், ஏழாம் பிரிவின்கீழ் உரிமை கோருமாறு விடுக்கும் அறிவித்தல், விசாரணை, பதினேழாம் பிரிவின்கீழ் நட்டஈட்டுத் தீர்ப்பு என்பன பின்தொடர்வன. தொகை போதாதெனக் கருதுபவர் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். ஆயின், அவசரம் என்ற காரணத்தின்மேல், 38ஆம் பிரிவின் காப்புவாசகத்தைக் கொண்டு இப்படிகள் முடியுமுன்னரே உடைமையை எடுத்துக்கொள்ளலாம். விதிவிலக்காக எழுதப்பட்ட இவ்வாசகம் நடைமுறையில் விதிபோலவே கையாளப்பட்டு வந்துள்ளது.

வீதி அகலிப்பிலே இச்சட்டத்தின் குறைபாடொன்று சிறப்பாக வெளிப்படும். காணியின் சந்தைப் பெறுமதியைக் கணிக்கும்போது எடுக்கப்படும் துண்டைத் தனியொரு காணியாகக் கொண்டு, திறந்த சந்தையில் அது யாது விலை பெறும் எனப் பார்க்குமாறு 45ஆம் பிரிவு கூறுகின்றது. நான்கு பரப்புக் காணியொன்று வீதியோரமாக இருபத்தைந்து மீற்றரும் உள்நோக்கி நாற்பது மீற்றரும் கொண்டதெனக் கொள்வோம். மூன்று மீற்றர் ஆழத்திற்கு எடுத்தால் போவது எழுபத்தைந்து சதுரமீற்றர், ஏறத்தாழ மூன்று பேர்ச்சஸ். அதாவது பதினாறு பரப்புக் கொண்ட ஏக்கர்க் கணக்கில் ஒரு பரப்பின் பத்தில் மூன்று பங்கு. மூன்று மீற்றர் அகலமான நீண்ட துண்டைத் தனியாக வாங்குவார் எவர்? சந்தையில் அதற்கு விலையில்லை. உடையவருக்கோ அத்துண்டிலேதான் படலையும், மதிலும், நிழல்மரமும், சிலவேளை கிணறும், வாடகை தரும் கடையும் உள்ளன. கிணறு போயின் எஞ்சிய தோட்டத்தின் நிலை யாது என்பது யாழ்ப்பாணத்து விவசாயிக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இக்குறை தென்னிலங்கையின் அனுபவத்தாலேயே ஓரளவு நிவர்த்தியாயிற்று. கொழும்பு–மாத்தறை அதிவேக நெடுஞ்சாலைக்காகப் பெருந்தொகையான காணிகள் எடுக்கப்பட்ட வேளையில், 2001இல், விருப்பின்றி இடம்பெயர்வோரை மீள்குடியேற்றுவதற்கான தேசியக் கொள்கையை அமைச்சரவை ஏற்றது. காணி எடுத்தற் சட்டத்தின்கீழ் நட்டஈடு வழங்குவதற்கான 2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் 2009 ஏப்ரலில் வர்த்தமானியில் வெளிவந்தன. துண்டின் தனிப்பெறுமதி முழுக்காணியின் விகிதாசாரப் பெறுமதியிலும் குறையுமாயின் அவ்வேறுபாட்டையும் செலுத்தல் வேண்டும் என அவை விதித்தன. மூலச்சட்டம் பிறந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகளின் பின்னரே, வேலியோரத் துண்டு ஒரு வளவின் உறுப்பு என்பதை எழுதப்பட்ட விதி ஏற்றுக்கொண்டது.

பணத்தின் அளவு செம்மையாயினும் அதனைப் பெறுபவர் யார் என்ற வினா யாழ்ப்பாணத்தில் எளிதன்று. முதுசமாகவும் சீதனமாகவும் தேடியதேட்டமாகவும் வந்த காணிகள் பிரிக்கப்படாப் பங்குகளாகவே பலரிடம் உள்ளன. ஒரு கிணற்றிலே பலருக்கு நீர்ப்பங்கும், ஓர் ஒழுங்கையிலே பலருக்கு வழியுரிமையும் உண்டு. எட்டிலொரு பங்கு, பதினாறிலொரு பங்கு என உறுதிகளில் எழுதப்பட்டவை எல்லைக்கல்லால் காட்டப்படுவன அல்ல. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது உறுதிகள் பல அழிந்தன. பங்காளிகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் சிதறியுள்ளனர். ஒருவர், ஒரு காணி, ஓர் உறுதி என்ற கருத்திலமைந்த சட்டம் இத்தகைய உரிமைப் பின்னலை எதிர்கொள்ளும்போது பிணக்கு நீதிமன்றத்துக்குச் செல்கின்றது. வீதி முடிந்த பின்னரும் வழக்கு முடியாதிருப்பது வியப்பன்று.

ஆதலின், தொகையைக் காட்டிலும் அடிப்படையானது முன்னரே கேட்கப்படும் உரிமை எனலாம். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சொத்துரிமையை அடிப்படை உரிமையாக வகுக்கவில்லை. நீதிமன்றங்கள் வேறு வழியால் இதனை அணுகின. 1993இல், காணி எடுக்கும் அதிகாரம் மக்களின் பொருட்டு நம்பிக்கையாக ஒப்படைக்கப்பட்டது என உயர் நீதிமன்றம் கொண்டது. 2000இல், பொதுத் தேவை யாதென அறிவித்தலில் வெளிப்படுத்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தேவை இன்னதென அறியாதவர் அதற்கு எவ்வாறு ஆட்சேபம் கூறுவர்? 2004 சனவரியில் வந்த தீர்ப்பு இவ்விரண்டினும் முக்கியமானது. தென் அதிவேக நெடுஞ்சாலையின் தடம், சுற்றாடல் மதிப்பீடு முடிந்தபின், ஈரநிலங்களைத் தவிர்க்கும்பொருட்டு மாற்றப்பட்டது. புதிய தடம் தம் காணிகளினூடாகச் செல்வதை அக்மீமன, பண்டாரகமப் பகுதிவாசிகள் எதிர்த்து வழக்கிட்டனர். தம்மைக் கேளாமலே தடம் மாற்றப்பட்டமையால் இயற்கை நீதி மீறப்பட்டது என நீதிமன்றம் ஏற்றது. ஆயின் தடத்தை அது மீளமாற்றவில்லை. சட்டப்படியான நட்டஈட்டுக்கு மேலதிகமாக அவர்களுக்கு ஈடு வழங்குமாறே பணித்தது. 2011 நவம்பரில் அவ்வழி வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது.

வடக்கில் இதே சட்டம் வேறொரு முகம் காட்டிற்று. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை இராணுவத் தேவைக்காக எடுப்பதற்கு இரண்டாம் பிரிவின்கீழ் அறிவித்தல் வெளியாயிற்று. அதற்கு உரியவர்கள் நெடுங்காலம் அக்காணிகளுக்குட் செல்ல விடப்படாது இடம்பெயர்ந்து, பலர் சில மைல் தொலைவிலேயே வாழ்ந்திருந்தனர். ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். 2015 முதல் அப்பகுதியின் காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. இது வீதி பற்றியதன்று என்பது உண்மையே. எனினும் அயலூரில் ஒட்டப்பட்ட இத்தகைய அறிவித்தலைக் கண்ட புத்தூரவர், நாளை நெடுவீதியை அகலிக்க வரும் அறிவித்தலையும் அதே ஐயத்தோடு வாசிப்பாராயின் அவரைக் குறைகூற இயலாது. வீதி அகலித்தலின் நன்மையை, அவசர நோயாளியைப் பருத்தித்துறைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுசெல்லும் எவரும் மறுக்கார்.

எடுத்த காணியைத் திரும்பப் பெற 1979ஆம் ஆண்டுத் திருத்தம் 39அ பிரிவின் வாயிலாக ஒரு வழி செய்தது. நட்டஈடு செலுத்தப்படாதிருத்தல், பொதுத் தேவைக்குப் பயன்படாதிருத்தல், காணியில் மேம்பாடு செய்யப்படாதிருத்தல் ஆகியன அதன் நிபந்தனைகளுட் சில. தார் ஊற்றப்பட்ட துண்டொன்று இவற்றை நிறைவுசெய்தல் இயலாது. ஆகவே வேலி இருக்குமிடத்தையோ வீதிக்கோட்டின் வளைவையோ பற்றி உடையவர் கூறும் சொல்லுக்குப் பயனுள்ள காலம் நான்காம் பிரிவு தரும் அப்பதினான்கு நாட்களே. முகவரி தெரிந்த உரிமையாளருக்கு அறிவித்தல் கையிற் சேரும். ரொறன்ரோவில் வாழும், எட்டிலொரு பங்குக்கு உரிய பங்காளிக்கோ, வேலியில் ஒட்டப்பட்ட தாளை அயற்காணிக்காரர் வாசித்துத் தொலைபேசியில் தெரிவித்தாலன்றிச் செய்தி எட்டாது.