கொச்சியும் மரோட்டி எண்ணெயும்

தோல்நோய் கண்டவர் வெந்நீர் ஊற்றையும் மண்ணையும் நாடிச் செல்வது நெடுநாளைய வழக்கம். சங்கரன்கோயிலில் புற்றுமண்ணைப் பூசிக்கொள்ளும் அடியார்களை நேயர்களுள் பலர் கண்டிருப்பீர்கள். பம்பாய்வாழ் அன்பர்களுக்கு வஜ்ரேசுவரியின் வெந்நீர்க் குண்டங்கள் தெரிந்தவையே. வெதுவெதுப்பான நீர் தோலின் செதிலை இளக்கும். கந்தகம் சிரங்கைத் தணிக்கும். ஆனால், நரம்பிலே குடிபுகுந்த தொழுநோயை எந்த ஊற்றும் கழுவிப் போக்கியதில்லை.

கொச்சிக் கோட்டையில் வெந்நீர் ஊற்று கிடையாது. காயலும் உவர்நீரும் சேறுமே உண்டு. எனினும், தோல்நோய் மருத்துவத்தின் வரலாற்றில் அவ்வூருக்கு ஓர் இடம் உண்டு. அதைத் தேடித் தந்தது ஒரு மரம்.

ஒல்லாந்தர் 1663-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றினர். பின்னர் அங்கே தளபதியாக இருந்த வான் ரீடு, மலையாள நாட்டு மூலிகைகளைத் தொகுக்க முனைந்தார். அவருக்குத் துணைநின்றவர் சேர்த்தலைக்கு அருகே கடக்கரப்பள்ளியில் வாழ்ந்த இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். ரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்புபட்டர் ஆகிய கொங்கணி அந்தணர் மூவரும் உடன் உழைத்தனர். 1675-இல் அச்சுதன் எழுதித் தந்த சான்றுரை, நம் வட்டெழுத்துக்கு உறவான கோலெழுத்தில் அமைந்தது. ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்’ என்ற அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. பெயர் என்னவோ வான் ரீடுக்கு. அறிவு அச்சுதனின் முன்னோருடையது.

முதல் தொகுதியிலேயே மரோட்டி இடம்பெற்றது. நம் சித்த வைத்தியர் நீரடிமுத்து என்பது இதன் வித்தையே. அதன் எண்ணெயைச் சொறி சிரங்குக்குப் பூசினர், தொழுநோய்க்கும் கொடுத்தனர். குடித்தால் குமட்டும், பாதியில் விட்டவரே மிகுதி. கொச்சிக்கு வடக்கே பள்ளிப்புறத்தில் ஒல்லாந்தர் வைத்திருந்த தொழுநோயாளர் இல்லத்தில் ஊராரைவிட்டு விலக்கப்பட்டோர் அடைந்து கிடந்தனர். அவர்களுக்கு அக்காலத்தில் இருந்த நம்பிக்கை இத்தகைய எண்ணெய்களே.

இருபதாம் நூற்றாண்டில்தான் இவ்வினத்து எண்ணெய் ஊசிமருந்தாயிற்று. கல்கத்தாவில் லெனார்டு ரோஜர்சும், 1915-இல் ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் வேதியியல் அறிஞரும் அதற்கு வழி கண்டனர். அடுத்த ஆண்டே ஆலிஸ் 24 வயதில் மறைந்தார். அவருடைய பணியை வேறொருவர் தம் பெயரில் வெளியிட்டார். அச்சுதனுக்காவது நூலில் இடம் கிடைத்தது! 1940-களில் சல்போன் மருந்துகள் வந்தபின் எண்ணெய் பின்தங்கியது. 1980-களிலிருந்து வழங்கும் கூட்டு மருந்துகள் ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் நோயைத் தீர்க்கின்றன.

மரோட்டிக் காயை இரண்டாகப் பிளந்து, உள்ளீட்டை நீக்கி, அகல்போல் திரியிட்டு ஏற்றும் வழக்கம் கேரளத்தில் இன்றும் இருக்கிறது. கார்த்திகை நாளில் அவ்வழியே செல்ல நேர்ந்தால், அன்பர்கள் பாருங்கள்.