கடல் கடந்தோர் கல்வியும் ஊதியமும்

கடல் கடந்து பொருளீட்டல் தமிழ் மக்களுக்குப் புதிதன்று. ஆயினும், ஒரே கடலைக் கடந்து ஒரே நாட்டை அடைந்தோருள் சிலர் உயர்ந்தும் பலர் தாழ்ந்தும் வாழ்ந்தமைக்குக் காரணம் யாதென ஆராய்வாம். மலேயா நாட்டு வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

நாகப்பட்டினத்திற் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய உழவருட் பெரும்பாலார் எழுத்தறியாதவர். அவர் முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், அம்முறை 1910-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்ட பின்னர்க் கங்காணிகள் வாயிலாகவுஞ் சென்று ரப்பர்த் தோட்டங்களில் அமர்ந்தனர். நெல்வயலிற் பெற்ற பழக்கம் ஆங்கு விலை பெறவில்லை. பால் வெட்டுதலில் தேர்ந்த பின்னரும், கூலி பொதுவில் வகுக்கப்பட்டதாதலின், நெடுநாள் உழைத்தவர்க்கும் பெரும் ஏற்றமில்லை. 1930-ஆம் ஆண்டின் பொருள்முடையில், ஆடவர் நாட்கூலி 50 காசிலிருந்து 40 ஆகவும், பெண்டிர் கூலி 40 காசிலிருந்து 32 ஆகவும் குறைக்கப்பட்டது. அநுபவம் அவரைக் காக்கவில்லை.

யாழ்ப்பாணத்தார் நிலை வேறு. அமெரிக்க மிஷனார் 1823-இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய கலாசாலை முதலாக ஆங்கிலக் கல்வி அங்கே வேரூன்றியிருந்தது. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை மலேயாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னர் அரசாங்கத்திற்குக் குமாஸ்தாக்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் வேண்டியிருந்தமையின், யாழ்ப்பாண இளைஞர் மாதச் சம்பளமும் உபகாரச் சம்பளமும் பெற்றனர்.

நகரத்தார் கொண்டு சென்றதோ தொழிற்பயிற்சி. பெட்டியடிப் பையனாய்ப் புகுந்து, அடுத்தாளாய் உயர்ந்து, மேலாளாய்க் கடை நடத்துவோர் கற்ற கணக்கு முறை, பர்மாவிலும் மலேயாவிலும் ஒன்றேயாதலின் பயன் குன்றவில்லை.

இஸ்ரேலிற் குடியேறினோரை ஆராய்ந்து, ரேச்சல் பிரீட்பெர்க் என்னும் பொருளியலறிஞர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபும் இதனோடு ஒத்ததே. பிறநாட்டிற் பெற்ற கல்வியும் அநுபவமும் புகுந்த நாட்டில் மதிப்புக் குறைகின்றன. ஆயினும் ஆங்கு மேலுங் கற்பார்க்கு முன்னைக் கல்வியின் மதிப்பும் உயர்கின்றது என்பது அவர் கண்டது.

தோட்டப் பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பு அரிதாயிற்று. தோட்டப் பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. ஆங்கிலப் பள்ளிகளோ நகரங்களில் இருந்தன. ஆதலின் தந்தையின் பால்வெட்டுங் கத்தியே மைந்தர் பலர்க்கு உரிமையாயிற்று.

நம் சங்கத்துக் குடும்பத்தார் இதனை உள்ளத்திற் கொள்க. நிலத்தை அடகு வைத்துப் பிள்ளைகளை அயல்நாட்டிற்கு அனுப்புமுன், அந்நாட்டு மொழியையும், அந்நாட்டார் ஒப்பும் சான்றிதழுடைய தொழிலொன்றையுங் கற்பிப்பீராக. பயணச் செலவிற்குக் கடன் கொடுப்பார் பலர். கல்வியைக் கடனாகக் கொடுப்பார் எவருமிலர்.